புத்தகத்தைத் தைத்தவருக்குக் கூலி எவ்வளவு?

பொம்மனஹள்ளிக் கிளையில் அண்மையில் அரசியல் வகுப்பு எடுக்கச் சென்றிருந்தேன். பாடம், மார்க்சின் ‘கூலி, விலை, லாபம்’. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாகத் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் தோழர் ஒருவர் பேசினார். மணிக்கு எத்தனை காலர், எத்தனை கை என்று மேற்பார்வையாளர் எழுதும் கணக்கில் உபரி மதிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை என்னைவிடத் தெளிவாக வகுப்புக்குச் சொல்லிக் காட்டினார். பிறகு கையிலிருந்த சிறுநூலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தோழர், இதைத் தமிழில் தைத்தவருக்குக் கூலி எவ்வளவு?” என்று கேட்டார்.

வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க இயலவில்லை. மொழிபெயர்ப்பையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட என்னிடம் அக்கேள்வியை அதுவரை எவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன் கன்னட நாவல் ஒன்றைத் தமிழாக்கினேன். இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலுமாகப் பதினான்கு மாத உழைப்பு. ஒப்பந்தம் என்று ஒரு தாளும் கையெழுத்தாகவில்லை. பதிப்பகத்தார் அளித்த கூலி, அந்நூலின் 15 பிரதிகள். நான்கு ஆண்டுகள் கழித்துச் சென்னைப் புத்தகக் காட்சியில் அதே நூலின் மூன்றாம் பதிப்பைக் கண்டேன். விலை கொடுத்து வாங்கினேன். கேட்டபோது, “இலக்கியத் தொண்டில் காசைப் பேசலாமா?” என்றார்கள். அந்தப் பதில் அன்று எனக்கு நியாயமாகப் பட்டதே, அதுதான் இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எந்த ஆலைத் தொழிலாளிக்கும் நாம் சொல்லத் துணியாத ஒரு பதிலை நான் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன்.

எழுத்து உழைப்பு, எழுதுபவர் உழைப்பாளி. நம் அணிகளில் இதை மறுப்போர் இல்லை. ஆனால் “அப்படியானால் கூலி?” என்று கேட்டதும் மூன்று வாதங்கள் எழுகின்றன. எழுத்து ஒரு தவம் என்பது முதல் வாதம். நல்ல எழுத்துக்குச் சந்தையே கூலி கொடுத்துவிடும் என்பது இரண்டாவது. பதிப்புரிமை என்பதே தனியுடைமை, அதைப் பொதுவுடைமையாளர் கோரலாமா என்பது மூன்றாவது. முதல் இரண்டும் வெளியிலிருந்து வருபவை. மூன்றாவது நமக்குள்ளேயே எழுவது. மூன்றுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

தவம் என்னும் திரை

பாரதியைக் கணக்கு வழக்கறியாத பித்தராகச் சித்திரிப்பது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. உண்மை வேறு. அவர் ‘சுதேசமித்திரன்’ நாளேட்டில் ஊதியத்துக்கு உழைத்த உதவியாசிரியர். 1920இல் தம் எழுத்து அனைத்தையும் 40 தொகுதிகளாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டம் வகுத்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் செல்ல வேண்டும் என்று விரும்பினார். அச்சுச் செலவுக்கு நண்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டு எழுதினார். எழுத்தால் வாழ முடியும், வாழ வேண்டும் என்று திட்டமிட்ட மனிதர் அவர். கடன் வரவில்லை, மறு ஆண்டு செப்டம்பரில் அவரும் மறைந்தார்.

புதுமைப்பித்தனின் கதையும் நாம் அறிந்ததே. பத்திரிகை வேலையில் தொடங்கி, திரைப்பட வசனத்துக்குப் பிழைப்புத் தேடிப் புனே வரை சென்று, காசநோயோடு திரும்பி, 1948இல் 42ஆம் வயதில் மாண்டார். அச்சகக் கடனும் பத்திரிகைக் கடனும் நெருக்க, 1934இல் பம்பாய்த் திரையுலகுக்குச் சென்றவர் பிரேம்சந்த். இரண்டு ஆண்டுகள் கழித்து லக்னோவில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இவர்களில் எவரும் பட்டினியை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் பட்டினிக்குப் பின்னாளில் நாம் சூட்டிய பெயரே தவம்.

தமிழ் மரபும் இத்திரைக்குத் துணை நிற்காது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை எதைச் செய்கிறது? பரிசில் பெற்ற பாணர், பெறாத பாணரை வழியில் மறித்து, எவ்வூருக்குப் போனால் எவர் கொடுப்பார் என்று சொல்லி அனுப்புகிறார். கலைத் தொழிலாளர் தமக்குள் கூலி நிலவரத்தைப் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு அது. முகங்காணாமல் அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்தார் என்பதைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவோர், தம் குடும்பத்தின் வறுமையை ஒளிக்காமல் பாடியவரும் அவரே என்பதை மறந்துவிடுகிறார்கள். அவர் கேட்டது மதிப்போடு கூடிய ஊதியம்.

மார்க்ஸ் இப்பிரச்சினையைப் புனிதத்தின் மொழியில் அணுகவில்லை. மில்டன் தம் பெருங்காவியத்துக்கு ஐந்து பவுன் பெற்றதை அவர் எடுத்துக்காட்டுகிறார். பட்டுப்புழு பட்டு நூற்பதைப் போல மில்டன் தம் இயல்பால் பாடினார். பதிப்பகத்தாரின் ஆணைக்கு நூல் எழுதித் தரும் எழுத்தாளரோ மூலதனத்தைப் பெருக்கும் உழைப்பாளி ஆகிவிடுகிறார் என்பது அவர் விளக்கம். அதே மார்க்ஸ், ‘நியூயார்க் டெய்லி டிரிப்யூன்’ ஏட்டுக்குப் பத்தாண்டுகள் கட்டுரை எழுதிக் கட்டுரைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினார். இளமையிலேயே, 1842இல், எழுத்தாளர் வாழ்வதற்கும் எழுதுவதற்கும் ஊதியம் தேவை, ஆனால் ஊதியத்துக்காகவே எழுதலாகாது என்று வேறுபடுத்திக் காட்டியவர் அவர். நம்மவர் அவ்வேறுபாட்டின் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு முன்பாதியைக் கைவிட்டுவிட்டார்கள்.

சந்தை தரும் கூலி

இனிச் சந்தையின் கணக்கைப் பார்ப்போம். நூலின் விலை 300 ரூபாய். எழுத்தாளருக்கு வழக்கமாகப் பேசப்படும் ராயல்டி 10 விழுக்காடு, அதாவது பிரதிக்கு 30 ரூபாய். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின் ஆயிரம் பிரதிப் பதிப்பு அரிதாகிவிட்டது. 300 பிரதிகள் விற்று, கணக்கும் ஒழுங்காகத் தரப்பட்டால் கிடைப்பது 9,000 ரூபாய். அந்நூலுக்கு இரண்டு ஆண்டு உழைப்பு என்றால் மாதம் 375 ரூபாய். இது எல்லாம் நேர்மையாக நடந்தால் வரும் தொகை. நடைமுறையில் பலர் அச்சுச் செலவைத் தாமே கொடுத்துத் தம் நூலைத் தாமே வாங்கிக்கொள்கிறார்கள். கூலி கொடுத்து வேலை செய்யும் தொழிலாளியை இவ்வுலகில் வேறு எத்தொழிலில் காண முடியும்?

ஒன்றிய அரசின் வரிக்கொள்கை இந்தச் சிறு தொகையையும் விட்டுவைக்கவில்லை. அச்சிட்ட நூலுக்குச் சரக்கு சேவை வரி இல்லை என்று பெருமை பேசுகிறார்கள். காகிதத்துக்கு வரி உண்டு, அச்சுக்கூலிக்கு உண்டு, எழுத்தாளரின் ராயல்டிக்கும் உண்டு. நூலுக்கு வரி இல்லாத காரணத்தாலேயே, உள்ளே கட்டிய வரியைப் பதிப்பகத்தார் திரும்பப் பெற வழியில்லை. அச்சுமை விலையில் ஏறுகிறது, அல்லது எழுத்தாளரின் பங்கில் கழிகிறது. சிறு பதிப்பகத்தார் நம் பகைவர் அல்லர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நூலக ஆணையை நம்பிக் கடன் வாங்கி, பணம் வரும்வரை வட்டி கட்டுவோர் அவர்களுள் பலர்.

ஆயினும் வாசகரே இல்லை, ஆகவே கொடுக்கப் பணமில்லை என்ற சாக்கை ஏற்பதற்கில்லை. இந்தி எழுத்தாளர் வினோத் குமார் சுக்ல, தம் புகழ்பெற்ற நூல்களுக்குப் பெரிய பதிப்பகங்களிடமிருந்து ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயே வருவதாக 2022இல் வெளிப்படையாகச் சொன்னார். 2025இல் வேறொரு பதிப்பகம் அவருடைய ஒரே நாவலுக்கு 30 லட்சம் ரூபாய் ராயல்டி வழங்கியது. சமூக ஊடகப் பரபரப்பு அவ்விற்பனையைத் தூக்கிவிட்டது. எல்லாருக்கும் அது வாய்க்காது. ஆனால் ஒன்று புலனாகிறது: எழுத்தாளர் தம் நூல் எத்தனை விற்றது என்பதை அறிய உரிமையுள்ளவர், அவ்வுரிமை இல்லாதவரை அவருடைய கூலி பிறர் கருணையே.

பெங்களூருவுக்கு வருவோம். தமிழ் உட்படப் பல மொழிகளில் தொடர்கதை எழுதுவோரை இணைக்கும் ‘பிரதிலிபி’ 2014இல் இந்நகரில்தான் தொடங்கியது. சீனத்தின் டென்சென்ட், கொரியாவின் கிராஃப்டன் நிறுவனங்களின் மூலதனம் அதில் இறங்கியது. இத்தகைய தளங்களால் இல்லத்தரசிகளும் சிற்றூர் இளைஞர்களும் முதன்முறையாக எழுதிச் சிறிது பணம் கண்டிருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கத் தேவையில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. பங்கு விகிதத்தை வகுப்பவர் எவர்? எக்கதையை முன்னே காட்டுவது, எதைப் பின்னே தள்ளுவது என்று முடிவு செய்பவர் எவர்? விதியை ஒருதலையாக மாற்றினால் எழுதுபவர் எங்கே முறையிடுவார்? உணவுப் பொட்டலத்தை இருசக்கர வண்டியில் கொண்டு செல்லும் தோழரின் நிலையும் அன்றாடம் ஓர் அத்தியாயம் பதிவேற்றும் எழுத்தாளரின் நிலையும் இங்கே ஒன்றாகின்றன.

இந்த ஒப்புமைக்குச் சட்டத்திலும் இடமிருக்கிறது. கர்நாடகத்தில் 2025இல் நிறைவேறிய கிக் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு, நலச் சட்டம், ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் 1 முதல் 5 விழுக்காடு வரை நல நிதிக்கு நிறுவனங்களிடம் வசூலிக்க வகை செய்கிறது. அதன் அட்டவணையில் பயணச் சேவை, உணவு விநியோகம் ஆகியவற்றோடு உள்ளடக்க, ஊடகச் சேவைகளும் இடம்பெற்றுள்ளன. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற இச்சட்டத்தின்கீழ்த் தளங்களில் எழுதுவோரையும் பதிவு செய்யுமாறு கோர, நம் தோழர்கள் இன்னும் ஒரு மனுவும் எழுதவில்லை. அந்த வாய்ப்பை நாமே பார்க்கத் தவறிவிட்டோம்.

பதிப்புரிமையும் பொதுவுடைமையும்

மூன்றாவது வாதம் கனமானது. அறிவு அனைவருக்கும் உரியது. அதற்கு வேலி கட்டும் பதிப்புரிமையை நாம் ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று இளந்தோழர்கள் கேட்கிறார்கள்.

மீண்டும் பாரதியிடம் செல்வோம். அவர் மறைவுக்குப் பின் உரிமைகள் பல கைகளுக்கு மாறி, பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை திரைப்பட அதிபர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சென்று சேர்ந்தது. மக்கள் கவியின் பாடலை மக்கள் பாட ஒருவரின் இசைவு தேவைப்பட்ட விந்தைக்கு எதிராகத் தமிழகமே குரல் எழுப்பியது. ஜீவா முன்னணியில் நின்று பேசினார். 1949இல் ஓமந்தூரார் அரசு உரிமைகளைப் பெற்றது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. இது நம் வரலாற்றின் பெருமைமிக்க பக்கம். ஆனால் அதன் மறுபுறத்தையும் படியுங்கள். அரசு உரிமைகளைப் பெற்றபோதே அவற்றை எழுதியவர் மறைந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்றுவரை நூறுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. பெரும்பாலும் பரிவுத் தொகை வாரிசுகளின் கையில் சேர்கிறது. எழுதுபவர் உயிரோடு இருக்கையில் சோறு போட இந்த ஏற்பாட்டால் இயலாது.

ஆகவே இரண்டு உரிமைகள் நம் முன் நிற்கின்றன: மக்களின் படிக்கும் உரிமை, எழுதுபவரின் வாழும் உரிமை. முதலாளித்துவச் சந்தை இவ்விரண்டையும் மோதவிடுகிறது. விலை ஏறினால் வாசகர் விலகுவார். விலை இறங்கினால் எழுத்தாளர் பட்டினி கிடப்பார். இம்முடிச்சை அவிழ்க்கும் வழியை டென்மார்க் 1946இலேயே கண்டது. பொது நூலகத்தில் ஒரு நூல் மக்களுக்குப் பயன்படுவதற்காக, அதன் ஆசிரியருக்கு அரசு பணம் தருகிறது. வாசகர் ஒரு காசும் கொடுப்பதில்லை. பிரிட்டனில் எழுத்தாளர்கள் நெடுங்காலம் போராடி 1979இல் இதற்கெனச் சட்டம் பெற்றார்கள். அங்கே ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுன் என்று உச்சவரம்பு உண்டு. ஆகவே விற்பனை மன்னர்கள் நிதியை விழுங்கிவிட முடியாது. மொழிபெயர்ப்பாளருக்கும் அதில் பங்கு உண்டு. நூலக இரவல் உரிமை எனப்படும் இவ்வேற்பாட்டில் வேலியும் இல்லை, பட்டினியும் இல்லை. பொதுவுடைமையாளர் கேட்கத் தயங்க வேண்டிய கோரிக்கையா இது? இந்தியாவில் இப்படியொரு சட்டம் இன்றுவரை இல்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். இந்நகரிலேயே இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, இந்திய நூலக இயக்கத்துக்கு இலக்கணம் வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது பெங்களூருவில். 1962இல் இங்கே ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவி, 1972இல் இங்கேயே மறைந்தார். அவருடைய முயற்சியால் 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலித்து, அப்பணத்தில் நூலகம் நடத்துவது அதன் அடிப்படை. கர்நாடகமும் 1965இல் தன் சட்டத்தை இயற்றியது. இன்று தமிழ்நாட்டில் சொத்து வரி ரூபாய்க்கு 10 காசும், கர்நாடகத்தில் 6 காசும் நூலகத்தின் பெயரால் மக்களிடம் வசூலாகின்றன. சொந்த வீட்டுக்காரர் நேராகக் கட்டுகிறார். ஸ்ரீராமபுரத்தில் ஓரறை வாடகை வீட்டில் வாழ்பவர் வாடகை வழியாகக் கட்டுகிறார்.

அப்பணம் என்னவாகிறது? நூலகத்துக்கென வசூலித்த வரியைப் பெங்களூரு மாநகராட்சி நூலகத் துறைக்கு முழுமையாகக் கொடுக்காமல் கோடிக்கணக்கில் நிலுவை வைத்தது என்பது ஆண்டுதோறும் செய்தியாகிவந்த உண்மை. மாநகராட்சி 2025இல் ஐந்தாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. நிலுவையையும் ஐந்தாகப் பிரித்து மறந்துவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளும் இதில் தூய்மையானவை அல்ல. மக்கள் கட்டிய பணத்தை உரிய இடத்தில் சேர்த்து, அதில் ஒரு பங்கை வாழும் எழுத்தாளர்களுக்கு இரவல் உரிமைத்தொகையாக ஒதுக்கு என்பது யாசகம் ஆகாது. ஏற்கெனவே வசூலித்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது.

விருதுகளை இதற்கு மாற்றாகக் காட்டுவோர் உண்டு. கன்னடத்தில் பானு முஷ்தாக் எழுதி தீபா பஸ்தி மொழிபெயர்த்த கதைத்தொகுப்பு 2025இல் சர்வதேசப் புக்கர் பரிசு பெற்றபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம். அப்பரிசின் 50,000 பவுன் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரிந்தது. நம் சாகித்திய அகாதெமியோ ஆசிரியருக்கு ஒரு லட்சமும் மொழிபெயர்ப்பாளருக்கு ஐம்பதாயிரமும் தருகிறது. விருதாளர்களுக்கு வீடு தரும் தமிழ்நாடு அரசின் கனவு இல்லத் திட்டமும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் விருது, ஆயிரம் பேரில் ஒருவருக்கு வாய்க்கும் பரிசில். ஆலையில் சிறந்த தொழிலாளி ஒருவருக்குத் தங்கக்காசு கொடுத்துவிட்டதால் மற்றவருக்குக் கூலி தேவையில்லை என்று எந்தத் தொழிற்சங்கம் ஒப்புக்கொள்ளும்?

கோட்டயமும் நம் வீடும்

கோரிக்கை வைப்பதோடு நின்றுவிடாமல் தாமே கட்டி எழுப்பியவர்களும் உண்டு. 1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு, 120 ரூபாய் மூலதனத்தில் சாகித்தியப் பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எம்.பி. பால் தலைவர்; காரூர் நீலகண்டப் பிள்ளை செயலாளர். எழுத்தாளருக்கு 30 விழுக்காடு வரை ராயல்டி கொடுத்த அச்சங்கம் மலையாளப் பதிப்புலகின் நடைமுறையையே மாற்றியது. பிற்காலத்தில் அது தேய்ந்ததும் உண்மை. உறுப்பினர் விழிப்பு தளர்ந்தால் எந்தக் கூட்டுறவும் தேயும். அப்படியும் பத்து ரூபாயில் அவர்கள் செய்ததை இன்றைய நம் வசதிகளோடு நாம் முயன்றுகூடப் பார்க்கவில்லை.

இனி நம் வீடு. சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்தில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் மாத ஊதியம் பெறும் ஊழியர்களாக இருந்தார்கள். கார்க்கியின் ‘தாய்’ நாவலைத் தமிழாக்கிய தொ.மு.சி. ரகுநாதன், ‘சோவியத் நாடு’ இதழில் ஊதியத்துக்குப் பணியாற்றியபடியே தம் ஆய்வுகளையும் எழுதினார். அந்த அமைப்பு உலகிலிருந்து போனபின், மொழிபெயர்ப்பு உழைப்பு என்ற எண்ணத்தையும் நாம் சேர்த்தே அடக்கம் செய்துவிட்டோமோ?

கட்சிப் பணிக்குக் கூலி கேட்கிறேன் என்று எவரும் திரிக்க வேண்டாம். துண்டறிக்கையும் தீர்மானமும் இந்தக் கட்டுரையும் நான் விரும்பி இயக்கத்துக்குத் தருபவை. உறுப்பினர் சந்தாவைப் போன்றவை. ஆனால் ஒரு நூல் விலை போட்டுச் சந்தைக்குப் போகிறது. காகிதக்காரருக்கும் அச்சகத்துக்கும் அட்டை வரைந்தவருக்கும் பைண்டிங் செய்தவருக்கும் பணம் கொடுக்கப்படுகிறது. அவ்வரிசையில் எழுதியவரையும் மொழிபெயர்த்தவரையும் மட்டும் தோழமையின் பெயரால் விலக்குவது நியாயமன்று. கொடை என்பது கொடுப்பவர் தீர்மானிப்பது. பெறுபவர் தீர்மானித்தால் அதன் பெயர் வேறு.

எனவே நம் அமைப்புகளின் முன் இக்கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: நம் இயக்கச் சார்புப் பதிப்பகங்கள் எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றி ஒரு நூலையும் வெளியிடலாகாது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், ராயல்டி குறிக்கப்பட வேண்டும், கால அளவு குறிக்கப்படாவிட்டால் அது ஐந்தாண்டுகளே என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. முதலாளி அரசின் சட்டம் தரும் அளவையாவது நாம் தர வேண்டும்.

இரண்டு: ஆண்டுக்கொரு முறை விற்பனைக் கணக்கு, மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையில், மறுபதிப்புக்கு மறு ஊதியம். நூல்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கொடுப்பதற்கு எழுதியவரின் தனி இசைவு. அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து இவ்விஷயத்தில் பாதுகாப்புப் பெற்றதை நினைவில் கொள்வோம்.

மூன்று: நூலக வரி நிலுவையை வசூலிக்கவும், இரவல் உரிமைச் சட்டம் இயற்றவும் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் சட்டமன்றத்தின் உள்ளேயும் வெளியேயும் இயக்கம். கன்னட எழுத்தாளர்களோடு கைகோத்து நடத்த வேண்டிய இயக்கம் இது. மொழிப்பகையைத் தூண்டிக் குளிர்காய்வோருக்கு இந்நகரத் தமிழர் தரக்கூடிய நல்ல விடையும் இதுவே.

நான்கு: தளங்களில் எழுதுவோரைக் கிக் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யக் கோரும் மனு, எழுத்தாளர் கூட்டுறவு ஒன்றுக்கான முதற்கூட்டம்.

2016 ஏப்ரலில் இந்நகரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சேமநல நிதியில் கைவைத்த ஒன்றிய அரசின் ஆணையை எதிர்த்துச் சாலைகளில் அமர்ந்தார்கள். இரண்டே நாளில் அரசு பின்வாங்கியது. அவர்களைப் பற்றி அப்போது இவ்வேட்டுக்காக மொழிபெயர்த்தவர்களில் நானும் ஒருவன். பிறர் உரிமைப் போரை அழகிய தமிழில் எழுதிவிட்டு, தன் உரிமையைப் பற்றி வாய் திறக்காத பழக்கம் அன்று எனக்கு அடக்கமாகத் தோன்றியது. பொம்மனஹள்ளித் தோழர் அதைக் கோழைத்தனம் என்று சொல்லவில்லை. கூலி எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டார்.

அடுத்த வகுப்புக்கு மீண்டும் போகிறேன். அவருக்குச் சொல்ல ஒரு தொகையாவது என்னிடம் இருக்க வேண்டும். அத்தொகையைத் தீர்மானிக்கும் பொறுப்பு நம் மாநிலக் குழுக்களிடமும் பதிப்பகங்களிடமும் இருக்கிறது.